வயலுக்கு வரும் சாக்கடைக் கசடு: உரமா, விஷமா? விவசாயி கேட்க வேண்டிய 6 கேள்விகள்

கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையத்தில் மிஞ்சும் கசடு, செப்டிக் டேங்க் லாரி கொண்டுவரும் மலக்கசடு, கோழிப்பண்ணை எரு. மூன்றிலும் பயிருக்கு வேண்டிய சத்து இருக்கிறது. மூன்றிலும் ஆபத்தும் இருக்கிறது. எந்த ஆபத்து மக்க வைத்தால் போய்விடும், எது போகவே போகாது? அமெரிக்காவின் ஒரு மாநிலம் இதைத் தாமதமாகத் தெரிந்துகொண்டது. அங்கே என்ன நடந்தது, நம்ம ஊருக்கு அதில் என்ன பாடம்? விரிவாகப் பார்க்கலாம்.

மெய்ன் மாநிலத்தில் என்ன நடந்தது?

அமெரிக்காவின் வடகிழக்கு மூலையில் இருக்கும் மாநிலம் மெய்ன். பால் பண்ணைகளும் உருளைக்கிழங்கு வயல்களும் நிறைந்த பகுதி. 1980-களில் இருந்து அங்குள்ள பல விவசாயிகள் நகராட்சி சுத்திகரிப்பு நிலையங்களின் கசடைத் தங்கள் நிலத்தில் கொட்டி வந்தார்கள். திருட்டுத்தனமாக அல்ல, அரசு அனுமதியோடுதான். விவசாயிக்குச் செலவில்லாமல் உரம், ஊருக்குக் கசடைத் தள்ள ஒரு இடம். இரண்டு பக்கமும் லாபம் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள்.

2016-ல் அருண்டெல் என்ற ஊரில் ஒரு பால் பண்ணையின் நிலத்தடி நீரிலும் பாலிலும் பி.எஃப்.ஏ.எஸ். எனப்படும் ரசாயனங்கள் இருப்பது தெரியவந்தது. 2020-ல் ஃபேர்ஃபீல்டு பகுதியில் இன்னொரு பண்ணை சிக்கியது. பாலில் இந்த வகை ரசாயனம் ஒன்றுக்கு மெய்ன் மாநிலம் வைத்திருக்கும் வரம்பு 210 பி.பி.டி. ஒரு பி.பி.டி. என்றால் லட்சம் கோடியில் ஒரு பங்கு. அந்தப் பண்ணையின் பாலில் இருந்தது, அந்த வரம்பைப் போல சுமார் 150 மடங்கு.

பாலோடு விஷயம் நிற்கவில்லை. சுற்றுவட்டாரக் கிணறுகள் சோதிக்கப்பட்டன. குடிக்கும் தண்ணீரிலேயே கலந்திருந்தது. 2021 நவம்பரில், அந்தப் பகுதியில் வேட்டையாடிய மானின் இறைச்சியைச் சாப்பிட வேண்டாம் என்று மாநில அரசே எச்சரித்தது. கசடு கொட்டிய வயலில் மேய்ந்த மானின் உடம்பில் ரசாயனம் ஏறியிருந்தது.

2022 ஏப்ரலில், கசடையும் கசடில் இருந்து தயாரித்த கம்போஸ்டையும் நிலத்தில் போட மெய்ன் தடை விதித்தது. அமெரிக்காவில் இப்படிச் செய்த முதல் மாநிலம் அதுதான். பாதிக்கப்பட்ட விவசாயிகளுக்கு 6 கோடி டாலர் நிதியும் ஒதுக்கியது. ஆனால் மண்ணில் இறங்கியதை வெளியே எடுக்க முடியவில்லை.

கசடு எங்கிருந்து வருது? ஏன் வயலுக்குப் போகுது?

வீட்டுக் கழிவறை, சமையலறை, குளியலறைத் தண்ணீர் எல்லாம் பாதாளச் சாக்கடை வழியாகச் சுத்திகரிப்பு நிலையத்துக்குப் போகிறது. அங்கே நுண்ணுயிரிகள் அழுக்கைத் தின்று பெருகுகின்றன. தெளிந்த நீர் வெளியேறுகிறது. அடியில் தங்கும் சேறுதான் கசடு.

இதில் ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். சுத்திகரிப்பு என்றால் அழுக்கை மாயமாக்குவது அல்ல. தண்ணீரில் இருந்து பிரித்து ஒரு இடத்தில் சேர்ப்பது. தண்ணீர் எவ்வளவு சுத்தமாகிறதோ, கசடு அவ்வளவு கெட்டியாகிறது. கழிவுநீரில் கொஞ்சமாக இருந்த காட்மியமோ ஈயமோ கசடில் செறிவாகச் சேர்ந்துவிடும்.

பாதாளச் சாக்கடை இல்லாத ஊர்களில் செப்டிக் டேங்க். சில ஆண்டுகளுக்கு ஒருமுறை லாரி வந்து உறிஞ்சிச் செல்லும். அந்த லாரியில் இருப்பது மலக்கசடு.

இதையெல்லாம் எங்கே கொண்டு போவது? இந்தக் கேள்விக்கு எந்த நாட்டிலும் சுலபமான பதில் இல்லை. நியூயார்க் உள்ளிட்ட நகரங்கள் பல ஆண்டுகள் கடலில் கொட்டின. 1988-ல் அமெரிக்கா அதற்குத் தடைச் சட்டம் கொண்டுவந்தது, 1992-ல் கடலில் கொட்டுவது முழுதாக நின்றது. அதன்பிறகு மிஞ்சியவை மூன்றே வழிகள்: குப்பைக் கிடங்கு, எரிப்பது, வயல். மூன்றில் செலவு குறைவானது பெரும்பாலும் வயல்தான்.

அதுல நல்லது எதுவுமே இல்லையா?

நிறைய இருக்கு. மனிதன் சாப்பிடும் உணவில் உள்ள தழைச்சத்தும் மணிச்சத்தும் பெரும்பகுதி கழிவாகத்தான் வெளியே போகிறது. மணிச்சத்துக்கான மூலப்பொருளுக்கு இந்தியா பெரும்பாலும் வெளிநாட்டு இறக்குமதியை நம்பியிருக்கிறது. டி.ஏ.பி. மூட்டைக்கு விவசாயி வரிசையில் நிற்கும் நாட்டில், அதே சத்தை ஆற்றில் விடுவது நஷ்டம்தான். ஆற்றில் போனால் அது ஆகாயத்தாமரைக்குத்தான் உரம்.

அமெரிக்காவின் மில்வாக்கி நகரம் 1926-ல் இருந்தே சுத்திகரிப்பு நிலையக் கசடை உலர்த்தி 'மில்ஆர்கனைட்' என்ற பெயரில் மூட்டை போட்டு விற்கிறது. மதுரை அவனியாபுரத்தில் நகரக் கழிவுநீரைப் பாய்ச்சி மாட்டுக்குப் புல் வளர்த்தார்கள். பெங்களூரைச் சுற்றியுள்ள விவசாயிகள் செப்டிக் டேங்க் லாரியை வரவழைத்து, குழியில் கொட்டி, காயவைத்துத் தோட்டத்துக்குப் போடுவது ஆய்வாளர்கள் பதிவு செய்த நடைமுறை.

ஆக, இது புதிய யோசனை இல்லை. கழிவின் குணம்தான் மாறிவிட்டது. நூறு வருஷத்துக்கு முன்பு சாக்கடையில் போனது பெரும்பாலும் மலமும் சமையல் கழிவும். இன்று அதோடு சாயம், முலாம் பூசும் பட்டறைத் தண்ணீர், மருந்து, சலவைத் தூள், அழகுசாதனப் பொருள் எல்லாம் சேர்ந்து போகின்றன.

முதல் ஆபத்து: கிருமியும் புழு முட்டையும்

பச்சைக் கசடிலும் பச்சை எருவிலும் முதலில் பயப்பட வேண்டியது கிருமிகளுக்கு. ஈ.கோலை, சால்மொனெல்லா போன்ற பாக்டீரியாக்கள், வயிற்றுப்போக்கு தரும் வைரஸ்கள், குடற்புழு முட்டைகள். கீரை, கொத்தமல்லி, வெள்ளரி, கேரட், முள்ளங்கி போல மண்ணை ஒட்டி விளைந்து பச்சையாகச் சாப்பிடும் பயிர்களில் இது நேரடியாகத் தட்டுக்கே வந்துவிடும்.

பாக்டீரியா வெயிலிலும் காய்ச்சலிலும் ஓரளவு சீக்கிரம் சாகும். உருண்டைப்புழுவின் முட்டை அப்படி இல்லை. அதன் ஓடு கெட்டி. ஈரமான நிழல் மண்ணில் ஆண்டுக்கணக்கில் உயிரோடு இருக்கும். கொக்கிப்புழு இன்னொரு ரகம். அதன் இளம்புழு வெறுங்காலின் தோல் வழியாகவே உள்ளே போகும். பிப்ரவரி 10, ஆகஸ்ட் 10 தேதிகளில் பள்ளிகளில் குழந்தைகளுக்கு அல்பெண்டசோல் மாத்திரை கொடுக்கிறார்களே, அது இந்தப் புழுக்களுக்காகத்தான். வயலில் பச்சை மலக்கசடு போட்டால், மாத்திரை ஒரு பக்கம் விரட்டுவதை மண் மறுபக்கம் திருப்பிக் கொண்டுவந்துவிடும்.

நல்ல செய்தி என்னவென்றால், இந்த ஆபத்துக்கு மருந்து தெரியும். வெப்பமும் நேரமும்தான் அது.

கம்போஸ்ட் குவியலின் உள்ளே 55 டிகிரி செல்சியஸ் வெப்பம் வர வேண்டும். திறந்த வெளியில் நீளக் குவியலாக வைத்தால் அந்தச் சூடு 15 நாள் நிற்க வேண்டும், அதற்குள் குறைந்தது 5 முறை புரட்டிப் போட வேண்டும் என்பது அமெரிக்க விதி. புரட்டுவது எதற்கு? குவியலின் வெளிப்புறம் சூடாகாது. வெளியே இருப்பது உள்ளே போனால்தான் எல்லாக் கிருமியும் சாகும்.

சூடேற்ற வசதி இல்லையென்றால் காத்திருக்க வேண்டும். 20 முதல் 35 டிகிரி வெப்பமுள்ள பகுதிகளில் மலக்கழிவைப் புதிதாக எதுவும் சேர்க்காமல் ஓராண்டுக்கு மேல் சேமித்து வைக்க வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனத்தின் 2006-ம் ஆண்டு வழிகாட்டுதல். உலர்ந்த கசடில் ஒரு கிராமுக்கு ஒரு புழு முட்டைக்கும் குறைவாக இருக்க வேண்டும் என்பதும் அதில் உள்ள அளவுகோல்.

முழுதாகக் கிருமி நீக்காத கசடைப் போட்டால் அறுவடைக்குக் காத்திருக்க வேண்டிய காலத்தையும் அமெரிக்க விதி சொல்கிறது. மண்ணைத் தொட்டபடி தரைக்கு மேலே விளையும் பயிருக்கு 14 மாதம். மண்ணுக்குள் விளையும் கிழங்கு வகைக்கு 20 முதல் 38 மாதம். மாடு மேயவிட 30 நாள். 'வெயிலில் நாலு நாள் காய்ந்துவிட்டது, போதும்' என்ற கணக்கு எந்த விதியிலும் இல்லை.

இரண்டாவது ஆபத்து: கன உலோகம்

காட்மியம், ஈயம், பாதரசம், ஆர்சனிக், நிக்கல், குரோமியம். இவை தனிமங்கள். எத்தனை வருஷம் மக்க வைத்தாலும் உடையாது. சொல்லப்போனால் மக்க மக்க விகிதம் கூடும். ஏனென்றால் இலை தழையெல்லாம் கரைந்து எடை குறையும், உலோகம் அப்படியே நிற்கும்.

எல்லா உலோகமும் ஒரே மாதிரி நடந்துகொள்வதில்லை. ஈயம் பெரும்பாலும் மண்ணைப் பிடித்துக்கொண்டு நிற்கும். கீரையில் ஒட்டிய மண்ணோடு, கையில் படும் தூசோடு உடலுக்குள் போகும். காட்மியம் வேர் வழியாக ஏறிவிடும், குறிப்பாகக் கீரையிலும் நெல்லிலும். ஜப்பானின் டொயாமா பகுதியில் சுரங்கக் கழிவு கலந்த ஆற்று நீர் நெல்வயலில் பாய்ந்தது. அந்த அரிசியைச் சாப்பிட்டவர்களுக்குச் சிறுநீரகம் கெட்டு, எலும்பு நொறுங்கியது. வலியில் கத்தும் சத்தத்தையே நோய்க்குப் பெயராக்கி 'இத்தாய் இத்தாய்' என்றார்கள். 1968-ல் ஜப்பான் அரசு காட்மியம்தான் காரணம் என்று ஏற்றுக்கொண்டது. அங்கே வந்தது கசடால் அல்ல, சுரங்கத்தால். ஆனால் நெல்வயலில் காட்மியம் சேர்ந்தால் எங்கே போய் முடியும் என்பதற்கு அதுதான் சாட்சி.

இந்திய விதி என்ன சொல்கிறது? திடக்கழிவு மேலாண்மை விதிகள் 2016-ன்படி ஒரு கிலோ கம்போஸ்டில் காட்மியம் 5 மில்லிகிராம், ஈயம் 100, குரோமியம் 50, நிக்கல் 50, ஆர்சனிக் 10, பாதரசம் 0.15 மில்லிகிராமுக்கு மேல் போகக்கூடாது என்று வரம்பு வைக்கப்பட்டது. அமெரிக்காவின் 1993-ம் ஆண்டு கசடு விதியில் காட்மியத்துக்கான உச்சவரம்பு 85 மில்லிகிராம். ஒப்பிட்டால் நம்முடையது பல மடங்கு கடுமையான வரம்பு.

அப்புறம் என்ன பிரச்னை? இந்த வரம்பு, கம்போஸ்ட் என்ற பெயரில் தயாராகி வரும் பொருளுக்கு. இரவில் லாரியில் வந்து நேராக வயலில் இறங்கும் கசடுக்கு மூட்டையும் இல்லை, லேபிளும் இல்லை, சோதனைச் சீட்டும் இல்லை.

மூன்றாவது ஆபத்து: 'அழியா ரசாயனம்'

மெய்ன் மாநிலத்தைக் கவிழ்த்தது இதுதான். பி.எஃப்.ஏ.எஸ். என்பது ஒரே ரசாயனம் அல்ல, ஆயிரக்கணக்கான ரசாயனங்களின் குடும்பம். எண்ணெய் ஒட்டாத காகிதம், தண்ணீர் ஒட்டாத துணி, சில தீயணைப்பு நுரை, ஒட்டாத பாத்திரப் பூச்சுத் தயாரிப்பு எனப் பல இடங்களில் பயன்பட்டவை. கார்பனும் ஃப்ளோரினும் சேர்ந்த பிணைப்பு மிகவும் வலுவானது. வெயில், மழை, நுண்ணுயிரி எதுவும் அதை உடைக்காது. கம்போஸ்ட் சூடும் உடைக்காது. அதனால்தான் இதற்கு 'ஃபாரெவர் கெமிக்கல்ஸ்' என்று பெயர்.

மெய்னில் காகித ஆலைக் கழிவு இதற்கு முக்கிய மூலமாகப் பார்க்கப்படுகிறது. ஆலைக் கழிவுநீர் நகராட்சி சுத்திகரிப்பு நிலையத்துக்குப் போனது, அங்கிருந்து கசடாகி வயலுக்குப் போனது. வயலில் இருந்து புல், புல்லில் இருந்து மாடு, மாட்டில் இருந்து பால். இன்னொரு பக்கம் மழையோடு இறங்கிக் கிணற்று நீர்.

உடலுக்கு என்ன செய்யும்? இந்தக் குடும்பத்தில் பி.எஃப்.ஓ.ஏ. என்ற ரசாயனத்தை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று 2023 டிசம்பரில் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை வகைப்படுத்தியது. கொழுப்புச்சத்து கூடுவது, தடுப்பூசிக்கு உடல் தரும் எதிர்ப்புச் சக்தி குறைவது போன்றவற்றோடும் இவை தொடர்புபடுத்தப்படுகின்றன. குடிநீரில் பி.எஃப்.ஓ.ஏ.வுக்கும் பி.எஃப்.ஓ.எஸ்.ஸுக்கும் 2024 ஏப்ரலில் அமெரிக்கா விதித்த வரம்பு வெறும் 4 பி.பி.டி.

2025 ஜனவரியில் அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை கசடு பற்றிய வரைவு அறிக்கையை வெளியிட்டது. ஒரு கிலோ கசடில் இந்த ரசாயனம் ஒரு மைக்ரோகிராம் அளவுக்கு இருந்தால்கூட, அந்த நிலத்திலோ அருகிலோ வசித்து, அங்கே விளைவதையே பெரும்பாலும் சாப்பிடுபவர்களுக்குச் சில சூழ்நிலைகளில் ஆபத்து ஏற்கத்தக்க அளவைத் தாண்டக்கூடும் என்கிறது அது. பொதுவாகக் கடையில் வாங்கிச் சாப்பிடும் மக்கள் எல்லோருக்குமான கணக்கு அல்ல இது. முதலில் அடிபடுவது அந்த விவசாயியின் குடும்பம்தான். சொந்தப் பால், சொந்தக் காய்கறி, சொந்தக் கிணறு என்று வாழ்பவர்கள் அவர்கள்தானே.

1993 விதி கட்டுப்படுத்துவது 9 உலோகங்களையும் கிருமிகளையும் மட்டும். அதாவது, பட்டியலில் இருந்ததைச் சோதித்தார்கள், அதில் பாஸ் ஆனது. பட்டியலில் இல்லாதது வயலுக்குப் போய்விட்டது.

அப்போ சாணமும் கோழி எருவும் ஆபத்தா?

நன்றாக மக்கிய தொழு உரத்தைக் கண்டு பயப்பட வேண்டியதில்லை. ஆட்டுக்கிடை போட்டும் குப்பைக்குழியில் மக்க வைத்தும் மண்ணைக் காத்துவந்த ஊர் இது. பிரச்னை வருவது இரண்டு இடத்தில்.

ஒன்று, பச்சையாகப் போடுவது. மக்காத சாணத்தில் கிருமியும் களை விதையும் இருக்கும், காண்டாமிருக வண்டின் புழுவும் வளரும். மக்காத கோழி எருவைப் போட்டால் 'சூடு' தாங்காமல் பயிர் கருகும் என்பது விவசாயிகளுக்குத் தெரிந்ததுதான். அதிலுள்ள அம்மோனியா வேரைப் பாதிக்கும். அமெரிக்க இயற்கை வேளாண் சான்றிதழ் விதிப்படி, பச்சை எரு போட்டால் மண்ணைத் தொடும் விளைச்சலுக்கு அறுவடைக்கு 120 நாள் முன்பும், மற்ற உணவுப் பயிருக்கு 90 நாள் முன்பும் போட்டிருக்க வேண்டும். நம்ம ஊர்க் கீரை ஒரு மாதத்தில் அறுவடைக்கு வந்துவிடும். அப்படியானால் கீரைப் பாத்திக்குப் பச்சை எரு போடவே கூடாது என்றுதான் அர்த்தம்.

இரண்டு, பண்ணையில் என்ன மருந்து கொடுத்தார்கள் என்பது. கோழிக்கும் மாட்டுக்கும் கொடுக்கும் ஆன்டிபயாடிக்கில் ஒரு பகுதி எச்சத்தோடு வெளியே வரும். அதோடு, மருந்துக்கு அடங்காத பாக்டீரியாவும் வரும். மனிதருக்குக் கடைசிக் கட்ட மருந்தாக வைத்திருக்கும் கோலிஸ்டினை உணவுக்காக வளர்க்கும் விலங்குகளுக்குத் தர இந்தியா 2019-ல் தடை விதித்ததன் பின்னணி இதுதான்.

அளவும் முக்கியம். எருதானே என்று அளவில்லாமல் கொட்டினால், பயிர் எடுத்தது போக மீதி நைட்ரேட்டாக மாறிக் கிணற்றுக்குள் இறங்கும். குடிநீரில் நைட்ரேட் லிட்டருக்கு 45 மில்லிகிராம் வரைதான் இருக்கலாம் என்பது இந்தியத் தரநிலை. அதைத் தாண்டினால் கைக்குழந்தைகளுக்கு ஆபத்து.

தமிழ்நாட்டில் நிலைமை என்ன?

மலக்கசடைக் கண்ட இடத்தில் கொட்டக் கூடாது, சுத்திகரிப்பு நிலையத்துக்குத்தான் கொண்டு போக வேண்டும் என்று தமிழ்நாடு அரசு 2014-லேயே வழிகாட்டு நெறிமுறை வெளியிட்டது. மதுராந்தகம் அருகே கருங்குழியில் 2017-ல் மலக்கசடு சுத்திகரிப்பு நிலையம் செயல்பாட்டுக்கு வந்தது. கோவை பெரியநாயக்கன்பாளையம், நரசிம்மநாயக்கன்பாளையம் பேரூராட்சிகளிலும் இந்த முயற்சி நடந்தது. பக்கத்து மாநிலத்தில், பெங்களூரு அருகே தேவனஹள்ளியில் 2015-ல் தொடங்கிய நிலையத்தில், உலர்ந்த கசடை ஊர்க் குப்பையின் மக்கும் பகுதியோடு சேர்த்துக் கம்போஸ்ட் ஆக்குகிறார்கள்.

வீட்டு செப்டிக் டேங்க் கசடில் பெரிய ஆபத்து கிருமிதான். அதைச் சரிசெய்ய முடியும். ஆலைக் கழிவு கலந்த கசடு முற்றிலும் வேறு. திருப்பூர் சாயக் கழிவால் நொய்யல் கெட்டு, 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூட உத்தரவிட்டது நினைவிருக்கலாம். ராணிப்பேட்டையில் 2015 ஜனவரியில் தோல் கழிவு சுத்திகரிப்பு நிலையத்தின் கசடுத் தொட்டிச் சுவர் இடிந்து 10 தொழிலாளர்கள் இறந்தார்கள். தோல் பதனிடும் கழிவில் இருப்பது குரோமியம். இது உரமே அல்ல, ஆபத்தான கழிவு.

காய்ந்த பிறகு இரண்டு கசடும் பார்க்க ஒரே கறுப்பு மண் மாதிரிதான் இருக்கும். கண்ணாலோ மூக்காலோ வித்தியாசம் கண்டுபிடிக்க முடியாது. எங்கிருந்து வந்தது என்ற தகவலும் ஆய்வக முடிவும்தான் சொல்ல முடியும்.

பி.எஃப்.ஏ.எஸ். விஷயத்தில் இந்தியக் கம்போஸ்ட் தரப்பட்டியலில் அந்தப் பெயரே இல்லை. சென்னை நீர்நிலைகளில் இந்த ரசாயனங்கள் இருப்பதாக ஐஐடி மெட்ராஸ் ஆய்வாளர்கள் கண்டறிந்தது 2024-ல் செய்தியானது. அமெரிக்கா செய்த தவறு, பட்டியலில் இல்லாததைத் தேடாமல் விட்டது. அதே இடத்தில்தான் இப்போது நாமும் நிற்கிறோம்.

தடை போட்டுட்டா முடிஞ்சிடுமா?

மெய்னின் அனுபவம் அப்படிச் சொல்லவில்லை. வயலுக்குப் போகாத கசடு எங்காவது போக வேண்டும். எல்லாம் குப்பைக் கிடங்குக்குத் திரும்பியது. ஈரக் கசடு அதிகமானால் குப்பை மேடு சரியும், அதற்கு ஈடாகக் காய்ந்த குப்பையும் வேண்டும். 2023-ல் முக்கியக் கிடங்கு ஒன்று கசடு எடுப்பதைக் குறைக்க, மெய்ன் நகரங்களின் கசடு எல்லை தாண்டிக் கனடாவுக்கு லாரியில் போனது. செலவு ஏறியது, அதைச் சுமந்தது உள்ளூர் மக்கள்.

சுவிட்சர்லாந்து 2006 முதல் கசடை வயலில் போடுவதை நிறுத்தி எரிக்கும் வழிக்குப் போனது. ஜெர்மனி, பெரிய நகரங்களின் சுத்திகரிப்பு நிலையங்கள் 2029 முதல் கசடில் இருந்து மணிச்சத்தைத் தனியாகப் பிரித்தெடுக்க வேண்டும் என்று சட்டம் வைத்திருக்கிறது. எரித்த சாம்பலில் இருந்தும் அதை எடுக்கலாம். சத்து கிடைக்கும், கிருமியும் கூடவே வராது. ஆனால் இதற்குப் பெரிய முதலீடு வேண்டும். தமிழ்நாட்டின் ஒரு பேரூராட்சிக்கு இது கட்டுப்படியாகாது.

நம்ம ஊருக்குக் கைக்கு எட்டும் வழி, கசடு உருவாகும் இடத்திலேயே பிடிப்பது. ஆலைக் கழிவு வீட்டுச் சாக்கடையில் கலக்காமல் தடுப்பது. எந்த லாரி எங்கே ஏற்றி எங்கே இறக்கியது என்று பதிவு வைப்பது. வீட்டுக் கசடை மட்டும் தனியாக மக்க வைத்து, சோதித்து, சீட்டோடு விவசாயியிடம் தருவது.

விவசாயி என்ன கேட்கணும்?

கசடோ, நகரக் கம்போஸ்டோ, பண்ணை எருவோ வாங்கும் முன் இந்த 6 கேள்விகளைக் கேளுங்கள்.

1. எங்கிருந்து வந்தது? வீட்டு செப்டிக் டேங்கா, நகராட்சி சுத்திகரிப்பு நிலையமா, ஆலை வளாகமா? சாயம், தோல், முலாம் பூசும் பட்டறை, காகித ஆலை என்றால் இலவசமாகத் தந்தாலும் வேண்டாம்.

2. எத்தனை நாள் மக்கியது? எத்தனை முறை புரட்டினார்கள்? குவியல் சூடேறியதா?

3. சோதனைச் சீட்டு இருக்கிறதா? அதில் காட்மியம், ஈயம், குரோமியம் எவ்வளவு? எந்தத் தேதியில், எந்த ஆய்வகத்தில் எடுத்தது?

4. எந்தப் பயிருக்குப் போடப் போகிறீர்கள்? கீரை, கேரட், முள்ளங்கி, வெள்ளரிக்குக் கசடு வேண்டவே வேண்டாம். மரப்பயிர், நார்ப்பயிர் என்றால் கிருமி ஆபத்து குறைவு. தீவனப்புல் பாதுகாப்பான பட்டியலில் இல்லை. மெய்னில் பாலுக்குப் போனது அந்த வழியில்தான்.

5. கிணறோ ஆழ்துளைக் கிணறோ எவ்வளவு தூரம்? மணற்பாங்கான நிலமா, ஆற்றோரமா? மழைக்கு முன்னால் போடாதீர்கள்.

6. உங்கள் மண்ணுக்கு எவ்வளவு வேண்டும்? மண் பரிசோதனை முடிவைப் பார்த்து அளவு முடிவு செய்யுங்கள்.

இதில் ஒரு கேள்விக்குக்கூட பதில் வரவில்லை என்றால், லாரியைத் திருப்பி அனுப்புவதுதான் நல்லது. ஒரு போகத்து உரச் செலவை மிச்சம் பிடிக்கப் போய், அடுத்த தலைமுறைக்கான மண்ணைப் பணயம் வைக்க முடியாது.

கையாள்பவர்களுக்கும் பாதுகாப்பு வேண்டும். செருப்பில்லாமல், கையுறையில்லாமல் கசடை அள்ளவோ பரப்பவோ கூடாது. செப்டிக் டேங்கை மனிதரை இறக்கிச் சுத்தம் செய்வது 2013-ம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். 'உரத்துக்குத்தானே' என்ற காரணம் அதற்கு விதிவிலக்கு ஆகாது.

விவசாயம் செய்யாதவர்களுக்கு இதுல என்ன இருக்கு?

சிங்க்கில் ஊற்றுவதும் கழிவறையில் போடுவதும் எங்கோ போய் மறைவதில்லை. காலாவதியான மருந்து, பெயின்ட், தின்னர், பாதரச தெர்மாமீட்டர் உடைசல் எல்லாம் கடைசியில் கசடில்தான் சேரும். அவற்றைச் சாக்கடையில் விடாமல் தனியாகக் கொடுப்பது முதல் வேலை. கீரையையும் பச்சையாகச் சாப்பிடும் காய்களையும் ஓடும் தண்ணீரில் நன்றாகக் கழுவுவது இரண்டாவது. கழுவினால் மண்ணும் ஓரளவு கிருமியும் போகும். வேர் வழியாக உள்ளே ஏறிய உலோகம் போகாது. அதனால்தான் சமையலறையில் செய்வதை விட, வயலுக்கு முன்னால் செய்ய வேண்டிய சோதனை முக்கியம்.

சுருக்கமாகச் சொன்னால்:

கிருமியும் புழு முட்டையும் வெப்பத்தாலும் நேரத்தாலும் சாகும். கன உலோகமும் அழியா ரசாயனமும் எந்த முறையில் மக்க வைத்தாலும் போகாது. அவை சாக்கடைக்குள் வராமல் தடுப்பது மட்டுமே வழி. வீட்டுக் கசடையும் ஆலைக் கசடையும் பிரித்து வைத்தால் முதலாவது உரமாகும். கலந்துவிட்டால் இரண்டுமே கழிவுதான். அந்த முடிவு விவசாயி கையில் இல்லை. ஆலை உரிமையாளர், உள்ளாட்சி அமைப்பு, மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் ஆகியோர் கையில்தான் இருக்கிறது.